மட்டை ஏறும் மாரிக்குப்பம் ரயில்

2001-ல் தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சோறு போடுவது பெங்களூர் ரயில்தான். வேலைக்குப் போகும் அந்த நெரிசலில் நாலைந்து ஹாக்கி மட்டைகள் தலைநீட்டினால் எனக்குக் குஷி. சீசன் தொடக்கம், வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பிய பையன்கள். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அணி சேரும்.

மட்டையை வாங்கித் தடவிப் பாருங்கள். இடப்பக்கம் மட்டும் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்டைப் பக்கம் பந்தில் பட்டால் தப்பாட்டம். இடக்கைக்காரனுக்கென்று தனி மட்டையும் கிடையாது. ஆக, இடப்புறம் வரும் பந்துக்கு மட்டையையே கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். மொத்த அழகும் அந்த மணிக்கட்டுத் திருப்பலில்தான்.

இந்தப் பையன்கள் ஆடப்போகும் பெங்களூர் கரியப்பா ஹாக்கி மைதானத்தில் செயற்கைத் தரை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸோடு உலக ஹாக்கி ஏறிக்கொண்ட தரை அது. தண்ணீர் தெளித்துவிட்டால் 160 கிராம் பந்து வழுக்கிப் பறக்கும். மண்தரையில் துள்ளும் பந்துக்குப் பழகிய பையனின் மட்டை, முதலில் பந்து போன பிறகுதான் இறங்கும். கால்மணி நேரம் பொறுங்கள்: குண்டுங்குழியில் பந்தை அடக்கிய கைக்கு இந்த வழவழப்பு சலுகை மாதிரி. எதிரணித் தடுப்பாளர் இரண்டு பேரைத் தாண்டிவிடுவான்.