கொழுந்துச் சம்பல்

ஹட்டன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் பச்சைத் தேயிலைக் கொழுந்தை மெல்லிசாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய், உப்பு சேர்த்துப் பிசைவார்கள். சுடச்சுட ரொட்டிக்கு அதைவிட நல்ல சோடி எனக்குத் தெரியாது.

உப்பு பட்டதும் கொழுந்து துவள்கிறதே, அதற்கு முன்பே அங்கே மின்சாரம் தடுமாறிவிடுகிறது. உயிருள்ள தாவரக் கலத்தின் உட்புறம் வெளியைவிட 100 மில்லிவோல்ட்டுக்கும் மேல் எதிரேற்றம் கொண்டது. உப்பின் நேரேற்றச் சோடியம் அந்த இழுப்பிலேயே உள்ளே பாய, மென்சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது, பொட்டாசியம் கசிகிறது. புரோத்தனை வெளியே தள்ளும் பம்பிகள் அந்த மின்னழுத்தத்தை மீட்கப் பாடுபடும். செடி நிற்கும் மண்ணில் உப்பு கொஞ்சமென்றால் மீட்டும்விடும். சம்பல் உப்புக்கு ஈடுகொடுக்க முடியாது: தண்ணீர் வெளியேறி, மென்சவ்வு கலச்சுவரை விட்டுச் சுருங்குகிறது. துவர்ப்பும் புளிப்பும் கலந்த அந்தச் சாறுதான் ருசி. பிசைந்த கையோடு தின்னாமல் சற்று ஊறவிடுங்கள்.