புகையும் மூச்சும்: ஒரு மசோதாவை முன்வைத்து

இலண்டன் மூடுபனியை ஆங்கில இலக்கியத்தின் வாயிலாகவே நம்மிற் பலர் அறிந்துள்ளோம். துப்பறியுங் கதைகளில் அது மர்மத்துக்குத் திரையாகும். காதற் கதைகளில் பிரிவுக்குப் பின்னணியாகும். பிரெஞ்சு ஓவியராகிய மொனே அதன் நிறங்களைத் தேடியே தேம்ஸ் நதிக்கரைக்கு மீண்டும் மீண்டும் சென்றார். டிக்கன்ஸ் மாத்திரம் வேறு விதமாக நோக்கினார். 1853இல் நிறைவெய்திய 'பிளீக் ஹவுஸ்' நாவலின் தொடக்கத்தில் அம்மூடுபனியை அவர் நீதிமன்றத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். மக்களை மூச்சுத்திணறச் செய்வது வானிலையா, மனிதர் சமைத்த நிறுவனமா என்ற ஐயத்தை முதற் பக்கத்திலேயே எழுப்பிவிட்ட திறன் அது. அந்த ஐயத்தைப் பிரித்தானியப் பாராளுமன்றம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதையே ஈண்டு ஆராய விழைகின்றோம்.

சட்ட மசோதா இலக்கிய விமர்சனத்துக்கு உரிய பொருளா என்று வினவுவோர் உளர். ஒரு காலத்து ஆளும் வர்க்கம் எதனைக் காணச் சம்மதித்தது, எதனைக் காண மறுத்தது என்பதற்குச் சட்டத்தின் சொற்களைவிட நேரான சான்று அரிது என்பதே எமது விடை.

1952ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் திகதி முதல் 9ஆந் திகதி வரை இலண்டனை மூடிய புகைப்பனியைப் பலரும் அறிவர். வழக்கத்தைவிட ஏறக்குறைய 4,000 பேர் மிகுதியாக இறந்தனர் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். பின்வந்த ஆய்வாளர் அத்தொகையை 12,000 வரை உயர்த்தியுள்ளனர். பலரும் அறியாதது ஒன்றுண்டு. அந்நாளில் வீட்டு நிலக்கரி பங்கீட்டில் இருந்தது. தரமான கரி அந்நியச் செலாவணி ஈட்டக் கப்பலேறிற்று. பொடியுந் தூளும் கலந்த மலிவான கரி மாத்திரம் அந்த டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பங்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. அதை வாங்கி அடுப்பெரித்தவர் யாவர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மிகுதியாகப் புகைவதும் அக்கரியே. இறந்தோருட் பெரும்பாலோர் முதியோரும், கைக்குழந்தைகளும், முன்னரே நெஞ்சுநோய் கொண்டோருமாவர்.

தொழிற்கட்சி அங்கத்தவர் நோர்மன் டொட்ஸ் பொதுமக்கள் சபையில் இச்சாவுகள் பற்றி விடாது வினாத் தொடுத்தார். வீடமைப்பு மந்திரியாயிருந்தவர் ஹரல்ட் மக்மில்லன். புதிய சட்டம் வேண்டியதில்லை என்ற நிலையில் அரசாங்கம் மாதக்கணக்கிற் காலங்கடத்தியது. பனி நீங்கிய பின்னரும் தொடர்ந்த சாவுகளுக்கு இன்புளுவென்சாக் காய்ச்சலைக் காரணங் காட்டினர். ஈற்றில், 1953 ஜூலையில் ஹியூ பீவர் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. (பீவர் புகழ்பெற்ற கின்னஸ் மதுவாலையின் நிருவாக இயக்குநர். ஆலை முதலாளிகளின் மனம் அறிந்தவரிடமே ஆலைப்புகை பற்றிய விசாரணை சென்றது!) குழுவின் இறுதி அறிக்கை வந்த பின்னும் அரசாங்கம் தயங்கிற்று. கன்சர்வேட்டிவ் அங்கத்தவராகிய ஜெரால்ட் நபாரோ தனியங்கத்தவர் மசோதா ஒன்றைக் கொணர்ந்து நெருக்க, தானே சட்டம் இயற்றுவதாக அரசாங்கம் வாக்களித்து அதனை மீளப்பெறச் செய்தது. 1956 ஜூலை 5ஆந் திகதி தூய காற்றுச் சட்டம் நிறைவேறிற்று.

அச்சட்டத்தின் சிறப்பை மறுப்பது நேர்மையாகாது. புகைக்கட்டுப்பாட்டுப் பிரதேசங்களிலுள்ள வீடுகளின் அடுப்புகளை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணம் ஏற்றது. ஏழையின் மீது தடையை மாத்திரம் சுமத்தாது கைகொடுத்த விதி அது. ஆயினும் அதன் பார்வை புகைபோக்கியோடு நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியும் கரும்புகையே அதற்குப் பகை. கந்தக வாயுவைப் பொறுத்தவரை புகைபோக்கியை உயரமாகக் கட்டுவதே பரிகாரமெனக் கொள்ளப்பட்டது. உயர்ந்த புகைபோக்கி நஞ்சை அழிப்பதில்லை, அயலூருக்கு அனுப்புகிறது. மஞ்செஸ்டர் நகரத்துச் செல்வர் காற்றோட்டமுள்ள மேட்டுநிலங்களிலும் தொழிலாளர் ஆலைகளின் அருகிலும் வாழ்ந்ததை எங்கெல்ஸ் 1845இலேயே எழுதிவிட்டார். 'யார் எக்காற்றைச் சுவாசிக்கின்றனர்' என்ற வினா அவர் நூலில் உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை.

இனி, எமது கட்டுரைக்குரிய மசோதாவுக்கு வருவோம். பிரபுக்கள் சபையில் பசுமைக் கட்சியைச் சேர்ந்த ஜெனி ஜோன்ஸ் 2022 மே மாதத்திற் கொணர்ந்த தூய காற்று (மனித உரிமைகள்) மசோதா அது. 'எல்லாவின் சட்டம்' என்றே அது வழங்கிற்று. எல்லா அடூ-கிசி-டெப்ரா என்ற சிறுமி தென்கிழக்கு இலண்டனில், லூயிஷம் பகுதியில், வாகனங்கள் ஓயாத தென்சுற்று வீதியின் அருகில் வாழ்ந்தவள். மூன்றாண்டுகளுக்குள் ஏறத்தாழ முப்பது தடவை தொய்வு நோயால் வைத்தியசாலை சென்று, 2013 பெப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். முதல் மரண விசாரணையில் காற்றைப் பற்றிய பேச்சே எழவில்லை. அவளது தாயார் நம்மைப்போல ஆசிரியத் தொழில் செய்தவர். அவர் விடாது போராடியதன் பயனாக 2019இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. காற்று மாசு அவளது மரணத்துக்கு ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2020 டிசம்பரில் முடிவு கூறினார். பிரித்தானியாவில் ஒருவரது மரணத்துக்கு இக்காரணம் பதிவானது அதுவே முதன்முறை.

இம்மசோதாவைப் படிக்குமிடத்து ஒரு மாற்றம் உடனே புலனாகின்றது. பழைய சட்டத்தின் எழுவாய் புகைபோக்கி. இதன் எழுவாய் மூச்சு. தூய காற்றைச் சுவாசிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டென அது தொடங்குகின்றது. இது சிறிய மாற்றமன்று. இன்றைய நஞ்சு கண்ணுக்குப் புலனாவதில்லை. டீசல் வண்டிகள் கக்கும் நைதரசனீரொட்சைட்டும் நுண்துகளும் வீதிக் காற்றிற் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்த ஓவியரும் அதை நாடி வரப்போவதில்லை. புலனாகாத ஒன்றைச் சட்டத்துக்குப் புலனாக்க, அதனால் வருந்தும் உடலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆனால் 'எல்லோரும்' என்னும் அச்சொல்லிலேதான் எமக்கு ஐயமும் உண்டு. எல்லோருடைய மூச்சும் ஒரே நிலையில் இல்லை. நெருக்கடி மிகுந்த வீதியோரங்களில் குறைந்த வாடகைக்கு வாழ்வோரிற் பலரிடம் மோட்டார் வண்டியே இல்லை. பிறர் ஓட்டும் வண்டியின் புகையை அவர்கள் உண்கின்றனர். உரிமையை எல்லோருக்கும் சமமாக வழங்குவது, சமமில்லாத நிலையைச் சொல்லாமல் மறைக்கும் வழியாகவும் ஆகிவிடக் கூடும். முதலாளித்துவச் சட்டங்களின் பழைய வழக்கம் இது. பெயர் ஒரு குழந்தையுடையது. வாசகமோ முகமற்ற 'எல்லோர்' உடையது. அவள் ஏன் அந்த வீதியருகே வாழ நேர்ந்தது என்ற வினாவை மசோதாவின் முதல் விதி கேட்கவில்லை.

எனினும் நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்கலாகாது. உரிமைப் பிரகடனத்தைக் கடந்து சென்றால், குடிமக்கள் ஆணைக்குழு ஒன்றை நிறுவும் விதியைக் காண்கிறோம். வழக்குத் தொடுக்கவும், பிறர் தொடுத்த வழக்கில் தலையிடவும் அதற்கு அதிகாரம் தரப்படுகிறது. எமது மதிப்பீட்டில் இம்மசோதாவின் உயிர்நிலை இவ்விதியே. தன் பிள்ளையின் மூச்சு ஏன் நின்றதென்று அறிய ஒரு தாய் ஏழாண்டுகள் தனியே நீதிமன்றப் படியேறினாள். அந்தச் சுமையைப் பொது நிறுவனம் ஒன்றின் தோளுக்கு மாற்றும் விதி அது. ஜோன்ஸின் பணியை வெறும் நல்லெண்ணப் பேச்சென்று ஒதுக்குவோர் இவ்விதியைப் படியாதவரே.

மசோதா 2022 டிசம்பரில் பிரபுக்கள் சபையிற் கரையேறிற்று. பொதுமக்கள் சபையில் அதனைப் பொறுப்பேற்றவர் அதே கட்சியினரான கரோலின் லூக்காஸ். மக்கள் வாக்களியாத சபை ஏற்றுக்கொண்டதற்கு, மக்கள் தெரிந்தெடுத்த சபை நேரம் ஒதுக்கவில்லை. 2023 அக்டோபரில் கூட்டத்தொடர் முடிவுற, மசோதாவும் உடன் முடிந்தது. அதே ஆண்டில் அரசாங்கம் தனது இலக்கைத் தனியே விதித்தது: நுண்துகள் கனமீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேற்படாதிருக்க வேண்டும், கெடு 2040. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு 5. மசோதா சபையேறிய ஆண்டிலேயே இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை, காற்று மாசினால் ஆண்டுதோறும் அந்நாட்டில் நேரும் மரணங்களை 26,000 முதல் 38,000 வரை எனக் கணித்தது. 2022இல் லூயிஷத்திற் பிறந்த குழந்தைக்கு 2040இல் வயது பதினெட்டு ஆகும். அரசாங்கத்தின் அந்த அரைகுறை இலக்கு எட்டப்படும் வேளையில் அக்குழந்தை பாடசாலைப் படிப்பையே முடித்திருக்கும்.