மழை கொடுத்த இயந்திரம்: 'ஸ்டார் டிரெக்' தொடரின் 'ஆப்பிள்' பகுதியைக் குறித்த ஒரு திறனாய்வு

அறிவியற் புனைகதைகளை இறையியல் மாணவர் பொருட்படுத்துவதில்லை என்பது ஒரு பழைய குறை. விண்கலம், கதிர்த் துப்பாக்கி, கூர்ஞ்செவி மாந்தர் ஆகியவற்றைக் கண்டவுடன் அது சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் படைப்பு, வீழ்ச்சி, விடுதலை ஆகிய மூன்றையும் குறித்து இந்நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் பொதுமக்கள் அதிகமாக வாதிட்டது இத்தகைய கதைகளை முன்னிட்டே எனலாம். அவ்வகையில் 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய 'ஸ்டார் டிரெக்' தொடரும், 1967 அக்டோபர் 13 அன்று அதில் வெளிவந்த 'ஆப்பிள்' என்னும் பகுதியும் நம் கவனத்திற்கு உரியவை. இத்தொடர் 1980களில் நம் தூர்தர்ஷனிலும் காட்டப்பட்டது.

இத்தொடரின் இரசிகர்கள் வெறும் பார்வையாளர் அல்லர். தொடர் நிறுத்தப்படும் என்ற செய்தி பரவியபோது, 1967ஆம் ஆண்டின் இறுதியிலும் 1968ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அவர்கள் கடிதங்களைக் குவித்தனர். தொடர் நீடிக்கும் என்று நிறுவனமே திரையில் அறிவிக்க நேர்ந்தது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் தங்களுக்கென ஒரு மாநாடே கூட்டினர். ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, நம் ஊர்ப் பெரியவர்கள் பட்டிமன்றத்தில் காப்பியப் பாத்திரங்களைக் கூண்டில் ஏற்றுவதுபோல, கப்பல் தலைவன் செய்தது சரியா தவறா என்று வழக்காடுவது அவர்கள் வழக்கம். அவ்வாறு அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தீராத வழக்குகளில் ஒன்று 'ஆப்பிள்'.

கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். மேக்ஸ் எர்லிக் கதை எழுத, அவரும் ஜீன் கூனும் திரைவடிவம் அமைக்க, ஜோசப் பெவ்னி இயக்கியது இது. கர்க் என்னும் தலைவனும் அவன் தோழரும் காமா டிரையாங்குலி என்னும் விண்மீனின் ஆறாம் கோளில் இறங்குகின்றனர். பூத்துக் குலுங்கும் சோலை. மாறாத இதமான வெப்பம். ஆனால் மலர் நஞ்சு முள்ளை எய்கிறது; பாறை வெடிக்கிறது; இடி விழுகிறது. அங்கு வாழும் மக்களுக்கு மூப்பில்லை, பிணியில்லை, பிள்ளைகளுமில்லை. பிள்ளைகள் என்ற சொல்லையே அவர்கள் அறியார். பாம்புத்தலை போலச் செதுக்கப்பட்ட குகைவாயுடைய 'வால்' என்பதே அவர்கள் தெய்வம். (தலையை மட்டும் காட்டும் பாம்புக்கு 'வால்' என்று பெயர் அமைந்தது தமிழ்ச் செவிக்கு நகைப்பூட்டுவதுதான், என் செய்வது!) அது அழைக்கும்போதெல்லாம் மக்கள் சென்று அதற்கு உணவு ஊட்ட வேண்டும். உண்மையில் அது நிலத்தடியிலுள்ள ஓர் இயந்திரம். அது கர்க்கின் கப்பலை வானிலிருந்து இழுத்து வீழ்த்த முற்படுகிறது. கர்க் மக்களைத் தடுத்து அதனைப் பட்டினி போடுகிறான். கப்பலிலிருந்து பாயும் கதிர்களால் அது மாய்கிறது.

இரசிகர் வழக்கின் மையம் யாதெனில், பிற உலகத்தாரின் வாழ்வில் தலையிடலாகாது என்று இக்கப்பலோட்டிகளுக்கு ஒரு தலையாய விதி உண்டு. அதனைக் கர்க் மீறினானா என்பது. மீறவில்லை என்போர், அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த 'ஆர்க்கான்களின் வருகை' என்ற பகுதியைச் சான்று காட்டுவர். அங்கும் ஓர் இயந்திரம் தெய்வமாக ஆள்கிறது. உயிரோடு வளரும் பண்பாட்டுக்கே அவ்விதி பொருந்தும் என்று கர்க் விளக்கம் தருகிறான். மீறினான் என்போர், வளர்ச்சி எது என்று தீர்மானிக்கும் உரிமையை அவனுக்கு யார் கொடுத்தது என்று கேட்பர். படத்தினுள்ளேயே இவ்வழக்கு நடக்கிறது. மருத்துவர் மெக்காய், இது வாழ்வன்று தேக்கம் என்று சினக்கிறார். ஸ்பாக் என்னும் வேற்றுலகத் தோழரோ, இவர்கள் நலமாயிருக்கிறார்கள், தங்களுக்குப் பயன்படும் முறையைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் உரிமைதானே என்கிறார். தொலைக்காட்சியில் ஐம்பது நிமிடத்திற்குள் இத்தனை நேர்மையான எதிர்வாதம் இடம்பெற்றது பாராட்டத்தக்கது. ஆயினும் இருவருள் எவரும் அம்மக்களை நோக்கி ஒரு வினாவும் எழுப்பவில்லை என்பதையும் நாம் காண வேண்டும்.

என் கருத்தில், இரசிகர்கள் விதியைப் பற்றி வாதிடுவதால் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். கர்க் வாலைக் கொன்றது அம்மக்களை விடுவிப்பதற்காக அன்று. நானூறுக்கு மேற்பட்ட தன் கப்பலோரைக் காப்பதற்காக. அது தவறாகாது. ஆனால் கொன்ற பின்னர் அவன் விடுதலையைப் பற்றிப் பேசுகிறான். தற்காப்பு முன்னும் நற்செய்தி பின்னுமாக வருகிறது. வரலாற்றில் இவ்வரிசையைப் பலமுறை கண்ட நாட்டார் நாம்.

இனி, படத்தின் பெயருக்கு வருவோம். இறுதியில் ஸ்பாக் ஆதியாகமத்தை நினைவூட்டி, நன்மை தீமை அறியும் கனியை நாம் இவர்களுக்குக் கொடுத்து ஏதேனிலிருந்து வெளியேற்றிவிட்டோம் என்கிறார். அப்படியானால் சாத்தான் யார் என்ற கேள்வி எழ, ஸ்பாக்கின் கூர்ஞ்செவிகளைப் பார்த்து நகைத்துக் கதை முடிகிறது. இவ்வொப்புமை பொருந்தாது. ஆதியாகமம் அக்கனியை ஆப்பிள் என்று கூறவில்லை என்பது சிறு குறை. பெருங்குறை வேறு. ஏதேனில் மனிதன் சும்மா இருக்கவில்லை. தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்டான். பலுகிப் பெருகுதல் அங்கு ஆசீர்வாதம். வாலின் நாட்டிலோ அது விலக்கு. ஓர் ஆணும் பெண்ணும் முத்தமிட்டதற்காக வால் சினந்து, அந்நியரைக் கொல்லும்படி ஆணையிடுகிறது. கோலால் ஒரு பழத்தை உடைத்துக் காட்டி அம்மக்களுக்குக் கொலை கற்பிக்கப்படுகிறது. ஆகவே தீமையை அவர்களுக்கு அறிமுகம் செய்தது கர்க் அல்லன், அவர்கள் தெய்வமே. பழம் அங்கே வேறு விதமாக வந்திருக்கிறது. ஸ்பாக் அதனைக் கவனிக்கவில்லை!

திருமறையில் வாலுக்கு ஒப்புமை தேடுவோர் ஏதேனை விட்டுக் கர்மேலுக்குச் செல்ல வேண்டும். பெயரே பாகாலை நினைவூட்டுகிறது. பாகாலும் மழைக்கும் இடிக்கும் உரிய தெய்வம். தள்ளுபடியாகமங்களில் தானியேலோடு சேர்த்து வழங்கும் பேல், வலுசர்ப்பம் ஆகியவற்றின் கதை இன்னும் நெருக்கமானது. நாள்தோறும் உண்ணும் விக்கிரகமும், மக்கள் வணங்கிய சர்ப்பமும் அங்கு உண்டு; தானியேல் ஒன்றன் பொய்யை வெளிப்படுத்துகிறான், மற்றதைக் கொன்றே விடுகிறான். ஊட்டப்பட வேண்டிய தெய்வம் தெய்வமாகுமா என்பதே அக்கதையின் வினா. தனக்குப் பசித்தாலும் மனிதனிடம் சொல்வதில்லை என்று ஆண்டவர் உரைக்கும் ஐம்பதாம் சங்கீதத்தின் வினாவும் அதுவே.

இவ்விடத்தில் பரளச்சியில் நிகழ்ந்த ஓர் உரையாடலைக் கூறுவது பயன் தரும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் சுற்றிலும் கிடக்கும் வானம் பார்த்த பூமி அது. கண்மாய் பெருகினால் நெல். இல்லையேல் மிளகாய், பருத்தி, மல்லி, குதிரைவாலி. அதுவும் பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுதல். இத்தொடரில் ஈடுபாடுடைய வாலிபர் சிலர் அங்கு இப்பகுதியைக் கைப்பேசியில் பார்த்து வாதிட்டனர். ஒருவர் கர்க்கின் பக்கம், இருவர் ஸ்பாக்கின் பக்கம். "ஐயா, விதி விதிதானே?" என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டனர். திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் கதையை விளக்கச் சொன்னார். கேட்டு முடித்து, "ஏப்பா, அந்தப் பாம்பைக் கொன்னுட்டாக, சரி. அடுத்த வருசம் மழைக்கு யாருகிட்டப் போவாக?" என்றார்.

பின்பு அக்காட்சியை மீண்டும் போட்டுப் பார்த்தோம். மக்களின் தலைவனாகிய அக்கூட்டா, மரத்தில் பழம் வைத்ததும் மழை பெய்வித்ததும் வால் அல்லவா என்று கலங்கிக் கேட்கிறான். கர்க்கின் மறுமொழி என்ன? எங்கள் உதவியோடு உங்களை நீங்களே பேணிக்கொள்வீர்கள், மரத்தில் பழம் காய்க்கச் செய்வதில் வித்தை ஒன்றுமில்லை என்கிறான். அக்கூட்டா கேட்டவை இரண்டு, பழமும் மழையும். கர்க் விடை சொன்னது பழத்திற்கு மட்டும். மழையை அவன் கேளாதவன்போல் கடந்துவிடுகிறான். பழத்தைப் பற்றிச் சொன்னதும் தவறே. கண்மாய்க் கரையில் ஒரு மாங்கன்றைக் கோடை தாண்ட வைத்தவர் எவரும் அதில் வித்தை இல்லை என்று கூறார். எழுத்தாளர் இதனை எண்ணிச் செய்தாரா, மறந்து செய்தாரா என்பது பொருட்டன்று. ஒரு கோள் முழுவதன் வானிலையையும் ஆண்ட இயந்திரம் அழிந்தது. மறுநாள் காலை அங்கே என்ன வானிலை என்பது அக்கதையில் இல்லை. தொடரின் 79 பகுதிகளில் வேறெதிலும் அக்கப்பல் அங்குத் திரும்பியதாகக் காட்டப்படவுமில்லை. எலியாவோ பாகாலின் தோல்விக்குப் பின்னர் மலையை விட்டு இறங்கிவிடவில்லை. முழங்காலிடையே முகம் வைத்துக் குனிந்திருந்து, ஏழு முறை வேலைக்காரனைக் கடல்முகமாய்ப் பார்க்க அனுப்பினான்.

இது நம் சபைகளின் வரலாற்றையும் தொடுகிறது. 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் இதே வறள் நாட்டில் மண்டபசாலையைத் தன் நிலையங்களுள் ஒன்றாகக் கொண்டது. 1876–78ஆம் ஆண்டுகளின் தாதுவருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிகள் அமைந்தன. தெற்கே திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபையைச் சேர்ந்தனர். 'அரிசிக் கிறிஸ்தவர்' என்ற ஏச்சு அதனோடு ஒட்டிக்கொண்டது. ஊட்டியவரை வணங்கினார்கள் என்பதே அவ்வேச்சின் பொருள். அதாவது மிஷனையே ஒரு வாலாகக் காண்பது. அதற்கு எதிராக, மிஷனரிமார் கர்க்கைப் போல மேலேறிச் செல்லவில்லை, பள்ளியும் மருத்துவமனையும் வைத்துத் தலைமுறைகளாகத் தங்கினர் என்று கூறலாம், அது உண்மையே. ஆயினும் ஒரு குடும்பம் தன் பழைய தெய்வத்தை விட்டபோது எதை எல்லாம் சேர்த்து விட்டது, கொடும்பாவி கட்டி இழுக்கவும் முளைப்பாரி எடுக்கவும் ஊரோடு கூடாமல் அடுத்த வறட்சியில் அது எங்கு நின்றது என்பதை நம் சபை வரலாறுகள் எழுதியது அரிது. அப்பத்தாவின் கேள்விக்கு நாமும் முழுவதும் விடை சொல்லிவிட்டோம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கலை நோக்கில் இப்பகுதி தொடரின் முதல்தரப் படைப்புகளுள் ஒன்றன்று. கப்பலோர் நால்வர் இறக்கின்றனர். ஈற்றுச் சிரிப்பில் அவர்களுக்கு இடமில்லை. அக்கோளின் மக்களைச் செந்நிறம் பூசி, வெண்முடி அணிவித்து, குழந்தைகள்போல் பேச வைத்தது வெள்ளையர் தீவு மாந்தரைக் கற்பனை செய்த பழைய முறையே. நம் மொழியில் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஆள்பவனே ஒரு தோற்றமாய் இருக்கும் நாட்டை 1980களில் படைத்தபோது, அந்நாட்டு மக்களுக்குச் சந்தேகிக்கும் அறிவைக் கொடுத்தார். நிலாவும் இயந்திர நாய் ஜீனோவும் தாமே உண்மையைத் தேடிச் செல்கின்றனர். வெளியிலிருந்து கப்பல் வரவில்லை. இந்த ஒரு வகையில் அது மேலானது என்பேன்.

இரசிகர் வாதங்களில் கர்க்கும் ஸ்பாக்கும் பேசப்படும் அளவில் நூறில் ஒரு பங்கும் அக்கூட்டா பேசப்படுவதில்லை. காதருகே இரு உணர்கொம்புகள் வழியாக வாலின் குரலைக் கேட்டவன் அவன் ஒருவனே. ஊருக்கு அதனை மொழிந்தவனும் அவனே. அக்குரல் நின்றபின், கர்க் காதலையும் பிள்ளைகளையும் பற்றி இனிமையாகப் பேசும்போது, இளையோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். இனித் தன் மக்களுக்கு அக்கூட்டா எதைச் சொல்வான்? பரளச்சி வாலிபர்கள் அடுத்த முறை இதனை வாதிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்பத்தாவையும் அழைக்கச் சொன்னேன்.