தாலிக்கு முன்னே ஒரு கையெழுத்து

கான்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கத்தோலிக்கக் கல்யாணத்துக்கும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கல்யாணத்துக்கும் கோயிலுக்குள் அதிக வித்தியாசம் இல்லை. ஓலை வாசிப்பு, சம்மதம் கேட்கும் கேள்விகள், வலக்கை பற்றிச் சொல்லும் வாக்குறுதி, மந்திரித்த தாலி. யாழ்ப்பாணத்தில் கூறைச்சேலையும் சேரும். தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும். பிள்ளையார் உருவமுள்ள தாலியைத் தடுத்து, சிலுவை பொறித்ததை அணியலாம் என்று பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஆணையிட்டார்.

ஆனால் மெய்விவாகம் என்ற அருட்சாதனத்துக்குத் தாலி தேவையே இல்லை. இலத்தீன் திருச்சபையின் போதனைப்படி அதை நிறைவேற்றுபவர் சாமியாரும் அல்ல; மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவருக்கொருவர் நிறைவேற்றிக்கொள்கிறார்கள். சாமியார் சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டு வாங்குகிறவர். இருவரும் வாய்விட்டுச் சம்மதம் சொன்னதும் கல்யாணம் முடிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் என்னவோ தாலி ஏறும்வரை அட்சதையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்! கணவன் மனைவி உறவில் கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவைக் காண்கிறார் பவுல். ரங்கமன்னாரை மணந்த ஆண்டாளின் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சிரமமில்லை.

முறைப்பெண் விஷயத்தில் இரண்டு கரையும் பிரிகின்றன. விருதுநகர்ப் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது பழக்கம். சபைச் சட்டம் இதை நெருங்கிய இரத்த உறவென்று தடுக்கிறது. ஆயர் விலக்கு அளித்தால்தான் நடக்கும். அத்தை மகள், மாமன் மகளுக்கும் அதே விலக்கு வேண்டும். இலங்கையிலோ 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி அக்கா மகளோடு செய்யும் கல்யாணம் செல்லாது. மச்சாளை, அதாவது அத்தை மகளையோ மாமன் மகளையோ, கட்டலாம்.

பெரிய வேறுபாடு பதிவில்தான். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பங்குச் சாமியாருக்கே அதிகாரம் தருகிறது. கோயில் பதிவேட்டில் போடும் கையெழுத்தே அரசுக்கும் போகிறது. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டம் வந்தபின் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு நடை உண்டு. அதுவும் கல்யாணத்துக்குப் பிறகுதான். யாழ்ப்பாணத்தில் பலருக்கு முதலில் எழுத்து, அதாவது அரசுப் பதிவு. மாப்பிள்ளை கனடாவில் என்றால் ஸ்பொன்சர் வேலைக்காக எழுத்து முந்திவிடும். கோயில் கல்யாணம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அதுவரை அவர்களைத் தம்பதியாகச் சபை ஏற்பதில்லை, வீட்டாரும் சேர்ந்து வாழ விடுவதில்லை. அரசின் தாளுக்கும் அருட்சாதனத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கே கண்ணுக்குத் தெரிகிறது என்பது என் எண்ணம். நம் பக்கம் இரண்டும் ஒரே மேசையில் முடிவதால் யாரும் அதை யோசிப்பதில்லை.

அந்தத் தெளிவுக்கு விலையும் உண்டு. எழுத்து முடிந்து, கோயிலுக்குப் போகுமுன் மனம் முறிந்தால் சபைக்கு அங்கே திருமணமே இல்லை. அரசுக்கு அவர்கள் கணவன் மனைவி. இலங்கைச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து கிடையாது. பிறர் உறவு, வேண்டுமென்றே கைவிடுதல், தீராத ஆண்மைக்குறைவு போன்ற குற்றம் குறையை நிரூபித்தாக வேண்டும். இந்தியாவில் சிக்கல் தலைகீழ். விவாகரத்துச் சட்டத்தின் 2001 திருத்தத்துக்குப் பின் கிறிஸ்தவர் இருவரும் ஒத்துப்போய்ப் பிரியலாம். ஆனால் சபை நீதிமன்றம் ஒரு திருமணத்தைச் செல்லாதென்று அறிவித்தாலும், சிவில் நீதிமன்றம் சொல்லும்வரை அரசுக்கு அது நீடிக்கிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அப்படித்தான். சபையின் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்தவருக்கு இரண்டாம் கல்யாணம் செல்லாமல் போகும்.