யானைமலையும் கேப்டன் டிரைப்பின் கேமராவும்

பங்காருபாளையத்தில் மாங்காயும் வெல்லமும் வாங்கி விற்கிற ஒருவனுக்குப் புகைப்படக் கலையைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பேரன் மொகிலி மலைச்சரிவில் பஸ் ஜன்னல் வழியாகச் செல்போனில் நாற்பது படம் எடுத்துவிட்டு, "தாத்தா, எது நல்லா இருக்கு?" என்று கேட்டான். ஒன்றும் சரியில்லை என்று தோன்றியது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் காரணத்தைத் தேடியதில் விளைந்தது இக்கட்டுரை.

லின்னேயஸ் டிரைப் (1822–1902) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1856இல் சென்னை அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில், வடக்கே சிப்பாய்களின் கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரத்தில், மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். இராயக்கோட்டை, சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று அவர் போன வழியில் எடுத்தவைதான் தமிழ்நாட்டின் மிகப் பழைய புகைப்படங்களில் தலையாயவை. 2015இல் லண்டனில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மருமகள் சிரித்தாள்.

அவர் செய்தது இவ்வளவுதான்: நிற்கிற இடத்தை முதலில் முடிவு செய்வார். இராயக்கோட்டை மலையுச்சியில் நின்று வடக்கு-வடமேற்காகப் பார்த்த காட்சி என்று ஒரு படத்துக்குத் தலைப்பே கொடுத்திருக்கிறார். நில அளவைக்காரன் பேச்சு அது. மதுரைப் படமொன்றில் வைகையும், ஆற்றைக் கடக்கும் பாதையும், அக்கரையில் ஊரும் தெரிகின்றன. கோபுரத்தை முகத்தில் அறைகிறாற்போல் காட்டாமல், ஆற்று மணலைத் தாண்டி ஊருக்குள் நுழைகிறவன் கண்ணுக்கு எப்படித் தோன்றுமோ அப்படி வைத்திருக்கிறார். படங்களில் பெரும்பாலும் ஆளில்லை. மெழுகு ஏற்றிய காகிதத்தில் எடுத்த நெகட்டிவ் அது. வெளிச்சம் பதிய நேரம் பிடிக்கும், நடமாடுகிறவன் பதியமாட்டான். சந்தை கூடும் ஊர்கூட ஊரடங்கு போட்டாற்போல் கிடக்கிறது. எனக்கு அது குறையாகவே படுகிறது. வியாபாரி புத்தி, என்ன செய்ய?

மேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கால இரசாயனம் நீல நிறத்தை அதிகமாக வாங்கிக்கொள்ளும். ஆகையால் வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து அச்சிட்டார். டிரைப் நெகட்டிவ்களில் வர்ணம் தீட்டி மேகத்தையும் இலைகளையும் தாமே வருவித்துக்கொண்டார். அப்படியானால் அது பொய்யா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். கண் கண்டதைக் கருவி வாங்காதபோது கை ஈடுகட்டியது. கல்லின் மேல் அவர் தூரிகை இந்த அளவு விளையாடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

இனி யானைமலை. மதுரைக்கு வடகிழக்கே, ஒத்தக்கடைப் பக்கம், படுத்த யானையாய்க் கிடக்கிற ஒரே பாறை. சமணர் ஏவிய யானையைச் சோமசுந்தரர் அம்பெய்து கல்லாக்கினார் என்று திருவிளையாடல் கதை சொல்லும். மலை மேலே போய்ப் பார்த்தால் தீர்த்தங்கரர் திருமேனிகள், அவற்றின் கீழே வட்டெழுத்து, அச்சணந்தி என்ற முனிவர் பெயர். அங்கேயே இன்னும் பழையதான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று மலையை 'இவகுன்றம்' என்கிறது. இவம் என்றால் யானை. ஆக, கதை பிறக்கப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது யானைக்குன்றம்தான்! கதையின் மேல் எனக்குச் சண்டை இல்லை. காலம் எது முன், எது பின் என்பதைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

டிரைப் 1858 தொடக்கத்தில் இம்மலையை ஒரு முனையிலிருந்து எடுத்தார். அருமையான படம். பாறையின் கனம் நெஞ்சில் உட்காருகிறது. ஆனால் அந்தத் தூரத்திலிருந்து திருமேனிகளும் இல்லை, எழுத்தும் இல்லை. தலைப்பிலேயே 'முனைத் தோற்றம்' என்று தாம் பார்த்த பக்கத்தைச் சொல்லிவிட்டார். குருடர்கள் யானை பார்த்த கதையில் எவனும் தான் தொட்ட இடத்தைச் சொல்லவில்லை, இவர் சொன்னார். அதை அவர் கணக்கில் வரவு வைக்கிறேன்.

தூரத்தை விட்டு அவர் கிட்டே வந்த இடம் தஞ்சை. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் இராசராசன் காலக் கல்வெட்டை, கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். ஹுல்ச் துரை இக்கோயில் கல்வெட்டுகளைத் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதியில் பதிப்பிக்கத் தொடங்கியது 1890களில். இது அதற்கு முப்பது வருஷம் முந்தியது. லண்டனில் மற்றப் படங்களின் முன் கும்பல். இதன் முன் நான் மட்டும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய எல்லாக் காட்சிப் படங்களையும் ஒரு தட்டில் வைத்தாலும் இந்தச் சுருளின் தட்டுதான் தாழும் என்பது என் துணிபு. அழகுக்காக நின்றவர் இங்கே எழுத்துக்காகக் குனிந்தார். அதுவே அழகாகவும் ஆயிற்று.

1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவிலியன், கஜானா இருக்கிற நிலையில் இது ஆடம்பரம் என்று அந்த வேலையையே மூடச் செய்தார். டிரைப்பும் அதன்பின் கேமராவை ஏறக்குறைய விட்டுவிட்டார். யானைமலை மட்டும் நின்றது. அதைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது 2010இல் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் எதிர்த்து நிறுத்தினார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். திருப்பதி திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருப்பவை. நம் பிள்ளைகளோ தெலுங்கில் படிக்கிறார்கள். சித்தூருக்குத் தெற்கே எல்லை தாண்டினால் வள்ளிமலை, கங்க மன்னன் இராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்களோடு. சென்ற தை மாதம் பேரனை அங்கே கூட்டிப்போனேன். பஸ் ஜன்னல் வேண்டாம், ஓர் இடத்தில் நின்று ஒரே ஒரு படம் எடு என்றேன். உச்சிவெயில், உருவங்கள் வந்தன, எழுத்து பதியவில்லை. சாய்வெயிலில்தான் வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். "விடியக்காலையில வரணும் தாத்தா" என்று அவனே சொன்னான். மாங்காய் சீசன் முடிந்ததும் போவதாக இருக்கிறோம்.