உடைந்த பாத்திரம்: ஹார்வி லிட்டில்டனை முன்வைத்து

அமெரிக்காவிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்த கண்ணாடிச் சிற்பப் புத்தகம் ஒன்று நாலைந்து மாதங்களாக எங்கள் வட்டத்தில் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதில் ஹார்வி லிட்டில்டன் 1960களின் தொடக்கத்தில் செய்த உருவங்கள் சில இருக்கின்றன. ஊதிய பாத்திரங்கள், ஆனால் உடைந்தவை, உள்ளே அமுங்கியவை, வாய் எது அடி எது என்று சொல்ல முடியாதவை. புத்தகத்தைப் புரட்டிய ஒருவர், "உடைஞ்ச பாட்டில். இதையெல்லாம் மியூஸியத்தில வைக்கிறான்னா நம்ம புதுக்கவிதைக்காரங்களுக்கும் ஒரு எதிர்காலம் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் அந்தப் படங்கள் என்னை விடவில்லை. இக்கட்டுரையை அந்தச் சிரிப்புக்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் இவற்றைப் புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியைப் படத்தில் பார்ப்பது பாட்டை ஸ்வரக் குறிப்பில் படிப்பது மாதிரி. வெளிச்சம் அதனூடே போகும் அனுபவம் கிடைக்காது. எனவே அழகு பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ஒரு கலைஞன் தன் சாதனத்தைக் கண்டடைந்த விதம், தன் முதல் வேலைகளைப் பிறர் பார்வைக்கு வைக்கத் தயாரான விதம், இவை பற்றியே என் பேச்சு. இதற்குப் படங்களும் வரலாறும் போதும்.

லிட்டில்டன் 1922ல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் என்ற ஊரில் பிறந்தவர். அது கண்ணாடி ஊர். தகப்பனார் ஜெஸ்ஸி லிட்டில்டன் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையில் பௌதிக விஞ்ஞானி. 'பைரெக்ஸ்' சமையல் பாத்திரம் உருவான கதையில், வெட்டிய பாட்டரி ஜாடியின் அடிப்பாகத்தில் கேக் சுட்டுப் பார்த்த பெண்மணி இவருடைய தாயார். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையனுக்குக் கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும் என்றுதான் நினைப்போம். விஷயம் நேர்மாறானது. கண்ணாடி தொழிற்சாலையின் சொத்து. பெரிய உலை, பெரிய முதல், ஒரு கோஷ்டி ஆட்கள், தலைமை ஊதுநர் ஒருவர் - இவ்வளவும் இல்லாமல் அதைத் தொட முடியாது என்பது நூற்றாண்டுகளாக ஊறிப்போன நம்பிக்கை. பையனைப் பௌதிகம் படிக்க அனுப்பினார் தகப்பனார். பையன் அதை விட்டுவிட்டுச் சிற்பத்துக்கும் தொழில் வடிவமைப்புக்கும், கடைசியில் மண்பாண்டத்துக்கும் போனார். 1942ல் தொழிற்சாலையிலேயே ஒரு பெண் உடலைக் கண்ணாடியில் வார்த்துப் பார்த்ததோடு சரி. 1951 முதல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மண்பாண்டக் கலை ஆசிரியர்.

அப்போது 'கலைக் கண்ணாடி' என்று அமெரிக்காவில் மதிக்கப்பட்டது எது? அதே கார்னிங்கின் ஸ்டூபன் கண்ணாடி. 1940ல் அவர்கள் நடத்திய ஒரு கண்காட்சியில் மத்தீஸ், டாலி உட்பட 27 கலைஞர்களின் சித்திரங்கள் படிகக் கண்ணாடியில் செதுக்கப்பட்டு வைக்கப்பட்டன. பெரிய பெயர்கள், மாசற்ற கண்ணாடி. ஆனால் வரைந்தவர் உலையின் பக்கம் போக வேண்டியதில்லை; உலையில் நின்றவருக்கு வரைய உரிமை இல்லை. யோசிப்பவன் ஒருவன், மூச்சு விடுபவன் இன்னொருவன். கண்ணாடி இங்கே எதையும் திருப்பிச் சொல்வதில்லை. காகிதத்தில் முடிந்துபோன தீர்மானத்தை ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

உலையருகே நடப்பது வேறு. சுமார் 1100 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் தேன் பாகு போலிருக்கும் கண்ணாடியை நீண்ட இரும்புக் குழலின் முனையில் சுற்றி எடுக்கிறார்கள். எடுத்த கணத்திலிருந்து அது இறுகத் தொடங்குகிறது. குழலைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; கை நின்றால் பாகு ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். ஊதுவது, உருட்டுவது, இடுக்கியால் இழுப்பது, மறுபடி உலைக்குக் காட்டுவது - எல்லாமே நிமிஷங்களுக்குள், சில சமயம் விநாடிகளுக்குள். முடிந்ததை மெள்ள ஆறவிடும் அடுப்பில் வைத்து மணிக்கணக்கில் சூட்டைக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளிறுக்கம் தாங்காமல் தானே வெடிக்கும். ஆக, தீர்மானம் முழுவதும் வேலை நடக்கும்போதே, கையிலும் மூச்சிலும் எடுக்கப்படுகிறது. வரைந்து கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த அனுபவம் கிடையாது.

1957-58ல் ஐரோப்பா போன லிட்டில்டன், வெனிஸை அடுத்த முரானோ தீவில் பெரிய தொழிற்சாலைகளோடு, ஓரிருவர் நின்று வேலை செய்யக்கூடிய சிறு உலைகளையும் பார்த்தார். உலை சிறிதாகலாம் என்றால் கலைஞன் தனியாகலாம். ஊர் திரும்பித் தன் மண்பாண்டச் சூளையில் கண்ணாடியை உருக்கிப் பார்க்கத் தொடங்கினார். 1962 மார்ச்சில் ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரக் கலை மியூஸியத்தைச் சேர்ந்த ஒரு கொட்டகையில், பெரும்பாலும் மண்பாண்டக் கலைஞர்களான சிலரைக் கூட்டி ஒரு பட்டறை நடத்தினார். டொலீடோவும் கண்ணாடி நகரம்தான். 1903ல் மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கி பாட்டில் இயந்திரத்தைச் செய்துமுடித்தது இங்கே. மூச்சை இயந்திரம் பறித்துக்கொண்ட ஊரில் மூச்சை மீட்கும் முயற்சி.

முதல் உருக்கல் தோற்றது. தொழிற்சாலை ஆராய்ச்சியாளரான டொமினிக் லபினோ உலையை மாற்றி அமைக்கச் சொன்னார். கண்ணாடி இழைக்காகச் செய்யப்பட்ட, குறைந்த சூட்டில் உருகும் '475' என்னும் கோலிகளைக் கொடுத்தார். பாகு கிடைத்துவிட்டது, ஊதத்தான் யாருக்கும் தெரியவில்லை. லிப்பி தொழிற்சாலையில் ஊதி ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் என்பவர் வந்து குழலைக் கையில் எடுத்துக் காட்டினார். தொழிற்சாலையிலிருந்து விடுதலை என்று இன்று கொண்டாடப்படும் அந்த வாரத்தில், கோலி தொழிற்சாலையினுடையது, கை ஒரு தொழிலாளியினுடையது. இயக்கங்களின் வரலாறு எழுதுபவர்கள் இந்தக் கடனை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார்கள். நான் இதை நடுவில் வைக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

அதே வருஷம் கோடையில் ஜெர்மனியின் பவேரியக் காட்டுப் பகுதியில் எர்வின் ஐஷ் என்ற இளைஞரின் ஒரு வேலையைத் தற்செயலாகக் கண்டு, அவர் இருந்த ஃப்ரௌவெனாவ் கிராமத்துக்கே போய்ச் சந்தித்தார் லிட்டில்டன். ஐஷ் கண்ணாடித் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். மியூனிக்கில் கலை படித்தவர். கண்ணாடி தெளிவாக, ஒழுங்காக, உபயோகமாக இருக்க வேண்டும் என்ற மூன்று விதிகளையும் அவர் ஏற்கெனவே உதறியிருந்தார். லிட்டில்டன் உலையைத் தேடிக்கொண்டிருந்தார். ஐஷுக்கு உலை வீட்டிலேயே இருந்தது, அவர் தேடியது உருவத்தை. 1976ல் ஐஷ் தன் நண்பரின் தலையையே கண்ணாடியில் வரிசையாகச் செய்தார். 2022ல் இறக்கும்வரை அந்தப் பிடிவாதத்தை அவர் தளர்த்தவில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1963ல் சிகாகோ கலை நிறுவனத்தில் லிட்டில்டனின் கண்ணாடி வேலைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நாற்பதைத் தாண்டிவிட்டவர், இந்தச் சாதனத்தில் பாலபாடம் படித்துக்கொண்டிருந்த ஒருவர், தொழிற்சாலைகளின் மாசற்ற கண்ணாடிக்குப் பழகிய கண்களின் முன் தன் வேலைகளை வைக்கிறார். அந்தக் காலத்துத் தனிப்பட்டறைக் கண்ணாடி தடித்த சுவர்களும் குமிழ்களும் கோணல் வாய்களுமாக இருந்தது. கண்காட்சிக்குத் தயாராவது என்றால் எதைக் காட்டுவது என்று தேர்வது. எதை ஒளிப்பது என்று தேர்வதும்தான். இரண்டாவதுதான் ஒரு கலைஞனை உள்ளபடி காட்டிக்கொடுக்கும்.

அந்த வருஷம் அவர் தான் ஊதிய ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே உடைத்தார். உடைந்ததை மறுபடி சூட்டில் காட்டி, சாணை பிடித்தார். வந்தது ஒன்றுக்கும் உதவாத, அவர் கண்ணுக்கே அவலட்சணமான ஒரு பொருள். பட்டறையில் ஒரு பக்கமாக வைத்துவிட்டார். சில வாரங்கள் அது அங்கேயே கிடந்தது. பிறகு ஒரு நாள் அதை மறுபடி பார்த்தார். அதற்குப்பின் அதை நியூயார்க் நவீனக் கலை மியூஸியத்தின் வடிவமைப்புப் பிரிவினரிடம் காட்ட, அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அதற்குமுன் அதே மியூஸியம் அவருடைய லட்சணமான பாத்திரம் ஒன்றையும் வாங்கியிருந்தது. இந்த இரண்டாவது கொள்முதல் அவரைத் திருப்திப்படுத்தாமல், செய்துகொண்டிருந்த எல்லாவற்றையும் கேள்வி கேட்கவைத்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

எங்கள் சிரிப்பு தவறிய இடம் இது. நாங்கள் உடைத்தலைப் பார்த்தோம். உடைப்பது யாருக்கும் முடியும். ஒரு குழந்தைக்கும் முடியும். அவலட்சணம் என்று தானே ஒதுக்கிய ஒன்றைச் சில வாரங்கள் கண்ணெதிரில் இருக்கவிட்டு, பிறகு தன் தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொள்வது சுலபமில்லை. சிருஷ்டி அந்த வாரங்களில் நடந்தது. அதுவரை பாத்திரம் என்ற எண்ணம் கண்ணாடியை ஆண்டது. அதற்குப்பின் கண்ணாடி பேச, இவர் கேட்கத் தொடங்கினார். பிற்காலத்தில், வண்ண அடுக்குகளின் மேல் தெளிந்த கண்ணாடியைச் சேர்த்து, சூட்டில் அது தன் எடையாலேயே வளையும்படி விட்டு அவர் செய்த வில்களும் சுருள்களும் இந்தக் கேட்டலின் விளைவே. அவற்றில் சில கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருக்கின்றன என்பது என் புகார்.

1972ல் லிட்டில்டன் ஒரு மாநாட்டில், தொழில்நுணுக்கம் மலிவானது என்ற பொருளில் ஒன்று சொல்லப்போக, அது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நம்மூரிலும் யாப்பைப் பற்றி இதே தோரணையில் பேசக் கேட்டிருக்கிறேன், நானே பேசியிருக்கிறேன். லீஃப்கிரீனை நடுவில் வைத்தது இதற்காகத்தான். மலிவு என்று சொல்லும் உரிமை விலை கொடுத்தவனுக்கு உண்டு. சூளையும் மண்ணும் தெரிந்த ஒருவர், பாகு உருகாமல் தோற்ற ஒருவர், கிழத் தொழிலாளியின் கையைப் பார்த்து நின்ற ஒருவர் சொன்னது அது. தளை தெரியாதவன் 'தளையைத் தகர்த்தேன்' என்றால் அவன் எதைத் தகர்த்தான்?

இதன் மறுபக்கமும் உண்டு. லிட்டில்டனின் மாணவர் டேல் சிஹூலி 1976ல் ஒரு கார் விபத்தில் இடது கண் பார்வையை இழந்தார். சில வருஷங்களுக்குப்பின் தோளிலும் அடிபட, குழலை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு வரைந்து, சொல்லிச் செய்விக்கும் நிலைக்கு வந்தார். தனி மனிதனின் மூச்சில் தொடங்கிய இயக்கம் ஒரே தலைமுறையில் மறுபடி கோஷ்டிக்கு வந்துவிட்டது. முரானோவில் இளவயதிலேயே மேஸ்திரியான லீனோ தாலியாபியேத்ரா எதிர்த்திசையிலிருந்து வருகிறார்: 1979ல் முதன்முறை அமெரிக்கா போய்த் தன் வித்தையைக் கற்றுக்கொடுத்தவர், பிற்பாடு தன் பெயரிலேயே சிற்பங்கள் செய்தார். எனவே சொந்தக் கையால் செய்தேன் என்பது மட்டுமே ஒரு மதிப்பாகிவிடாது. கோஷ்டியால் செய்தது என்பதும் இழுக்கல்ல. உலையிலிருந்து வெளியே வந்தது, செய்தவனின் முன்தீர்மானத்தை ஒருமுறையாவது தோற்கடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். சிஹூலியின் பெரிய கூரை அலங்காரங்களின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தோல்வி தென்படுவதில்லை. லிட்டில்டனின் அந்தக் குட்டிப் பொருளில் தென்படுகிறது.

இந்தக் கேள்வி என்னையும் விட்டுவைக்கவில்லை. பல வருஷங்களுக்குமுன் ஒரு இளைஞர் கவிதை ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்றாவது பத்தியில் கவிதை தடம் புரண்டது. வாக்கியம் பாதியில் நின்று, வேறொருவர் குரலில் தொடங்கியது. "இந்த இடம் உடைஞ்சிருக்கு தம்பி, சரி பண்ணிட்டு வாங்க" என்றேன். சரி பண்ணிக்கொண்டுவந்தார். அச்சிலும் வந்தது. ஒழுங்கான கவிதை. அதற்குப்பின் அவர் எழுதி எதையும் நான் பார்க்கவில்லை. அன்று அந்தக் காகிதத்தைச் சில வாரங்கள் என் மேஜைமேல் கிடக்கவிட்டிருக்க வேண்டும். உடைந்தது கவிதையா, கவிதை பற்றி நான் வைத்திருந்த பாத்திரமா என்று அப்போது தெரிந்திருக்கும்.

புத்தகம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நண்பர்கள் கேட்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கப் போகிறேன். அந்த இளைஞரின் முதல் பிரதி என்னிடம் இல்லை.