ஜாஸ்: பாணிகளும் பதிவுகளும்

ஜாஸ் ரசிகர்கள் கூடும் இடத்தில் பாட்டின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த ஆண்டுப் பதிவு, யாருடைய குழு, அன்று டிரம்ஸ் வாசித்தவர் யார் என்று கேள்விகள் எழும். அது நியாயமும்கூட. ‘பாடி அண்ட் சோல்’ என்ற மெட்டு எல்லாருக்கும் பொது. 1939 அக்டோபர் 11 அன்று கோல்மன் ஹாக்கின்ஸ் அதை வாசித்த விதம் அவருக்கே உரியது. மெட்டைத் தொடக்கத்தில் கோடிகாட்டிவிட்டு, மற்றதையெல்லாம் மனோதர்மமாகவே பொழிந்தார். அந்த மூன்று நிமிடத் தட்டு, டெனர் சாக்ஸபோன் கலைஞர்களுக்கு இலக்கணமானது. இப்படி மனோதர்மமே உயிரான மரபுக்கு இசைத்தட்டுதான் ஏடு. அந்த ஏட்டில் விடுபட்ட பக்கங்களைக் காத்தவர்கள் ரசிகர்கள்.

பாணிகள்

ஜாஸ் பிறந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ். ஆனால் 1917-இல் வெளிவந்த முதல் ஜாஸ் தட்டு, ஒரிஜினல் டிக்ஸிலாண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழுவினுடையது. கறுப்பின முன்னோடியான பட்டி போல்டனின் கார்னெட் ஒலிக்கு இன்று ஒரு பதிவுகூட இல்லை. அவர் வாசிப்பின் கம்பீரம் கேட்டவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். எல்லாரும் ஒருசேரப் பின்னி வாசிப்பது அந்த ஊர்ப் பாணி. கிங் ஆலிவர் குழுவின் 1923-ஆம் ஆண்டுத் தட்டுகளில் அதைக் கேட்கலாம். அதே குழுவில் இருந்த லூயி ஆம்ஸ்ட்ராங் பின்னர் தனிக் கலைஞரை நடுவில் நிறுத்தினார். 1928-இல் வந்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ தொடக்கத்தில், துணை வாத்தியம் ஏதுமின்றி அவர் டிரம்பெட் எழுவதைக் கேட்டால் திருப்பம் புரியும்.

முப்பதுகளில் நடன அரங்குகளை நிறைத்தது ஸ்விங். டியூக் எலிங்டன், கவுண்ட் பேசி, பென்னி குட்மேன் ஆகியோர் பெரிய குழுக்களை நடத்தினர். 1938 ஜனவரி 16 அன்று கார்னகி அரங்கில் குட்மேன் நடத்திய கச்சேரி 1950-இல்தான் தட்டாக வந்தது. அதில் ‘சிங், சிங், சிங்’ முடியப்போகும் வேளையில், திட்டமிடாமல் பியானோ கலைஞர் ஜெஸ் ஸ்டேசிக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆரவாரத்துக்கு நடுவே அமைதியாக அவர் வாசித்ததை இன்றும் சிலாகிக்கிறார்கள்.

அடுத்தது பீபாப்: வேகம், நுட்பம், நடனத்தை விட்டு விலகிய இசை. அது உருவான காலத்தில்தான் 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவு நிறுத்தம் அறிவித்தது. முளைவிட்ட பருவம் பெரும்பாலும் தட்டில் ஏறவில்லை. ஹார்லெமின் மின்டன்ஸ் விடுதியில் சார்லி கிறிஸ்டியன் கிட்டார் வாசித்தது நமக்குக் கிடைப்பது, 1941-இல் ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் தம் கருவியைத் தூக்கிக்கொண்டு போனதால். டீன் பெனடெட்டி என்ற ரசிகர் இன்னும் ஒருபடி மேல். 1947-48-இல் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் கருவியை ஓடவிட்டு, மற்றவர் முறை வந்ததும் நிறுத்திவிடுவார்!

பிறகு நிதானமான கூல், தேவாலய இசையும் புளூஸும் கலந்த ஹார்டு பாப், 1959-இல் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ நிலைநாட்டிய மோடல், அதே ஆண்டு ஆர்னெட் கோல்மன் நியூயார்க் ரசிகர்களை இரு கட்சியாக்கிய கட்டற்ற பாணி என்று கிளைகள் விரிந்தன.

அளவுகோல்கள்

பாணி எதுவானாலும் ரசிகர் எடைபோடுவது சிலவற்றைத்தான். முதல் சில சுரங்களிலேயே ஆளை அடையாளம் காட்டும் நாதம் வேண்டும். குழுவினர் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்க வேண்டும். இரண்டாவதற்கு உரைகல், பில் எவான்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று வில்லேஜ் வான்கார்டில் வாசித்தது. பியானோவுக்குப் பாஸ் அடங்கி நடக்காமல் சரிசமமாகப் பதில் பேசுகிறது. அந்தப் பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ ஜூலை 6 அன்று விபத்தில் மறைந்தார்.

தட்டை அப்படியே நம்பிவிடவும் முடியாது. 1956 நியூபோர்ட் விழாவில் எலிங்டன் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் கோன்சால்வெஸ் 27 சுற்றுகள் இடைவிடாது வாசித்து, கூட்டத்தை எழுந்து ஆடவைத்தார். அவர் வேறு ஒலிவாங்கியின் முன் நின்றதால் தட்டில் சாக்ஸபோன் மங்கிவிட்டது. போதாக்குறைக்கு, அந்தத் தட்டின் சில பகுதிகள் ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துக் கைதட்டல் ஒட்டியவை. வானொலி நாடாவைச் சேர்த்து 1999-இல் வெளிவந்த பதிப்பில்தான் அன்றைய ஒலி தெளிந்தது.

நினைவின் பக்கம் நிற்கும் வலுவான சான்று பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் கூட்டணி. 1957-இல் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் அவர்களைக் கேட்டவர்கள் பல ஆண்டுகள் அதையே பேசினார்கள். ஸ்டுடியோவில் பதிவானதோ மிகச் சொற்பம். 2005-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில், அவர்கள் 1957 நவம்பர் 29 அன்று கார்னகி அரங்கில் வாசித்த நாடா கண்டெடுக்கப்பட்டது. பேசியவர்கள் மிகைப்படுத்தவில்லை என்று தெரிந்தது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர், கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 1964-ஆம் ஆண்டு ஸ்டுடியோப் பதிவு சுமார் 33 நிமிடம். 1965-இல் சியாட்டில் விடுதியில் பதிவாகி 2021-இல் வெளியான வாசிப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டுகிறது. இரண்டையும் கேளுங்கள். எது உசத்தி என்று நண்பரோடு வாதாடுங்கள். அந்த வாதம்தான் இந்த மரபை இதுவரை காத்துவந்திருக்கிறது.